அம்மாவும் நானும் படித்த உயிரியல்

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று அம்மா.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். அப்பா குடோனில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் ஊர் முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு முதலில் தீப்பெட்டி ஆபீஸ், அப்புறம் பட்டாசு என்று காலத்தை ஓட்டியவள். படிப்பை நிறுத்தியது பற்றி அவள் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அந்தத் தெருவில் யாருமே அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை.

பள்ளி திறந்து எனக்குப் புதுப் புத்தகங்கள் கொடுத்த சமயம். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள்.

"இங்கேருங்க, நான் பத்தாவது பரீட்ச எழுதப் போறேன்."

"யாரு எழுதப் போறா?"

"நாந்தான்."

"பாப்பாவுக்குத் துணைக்கா?"

"துணைக்கு இல்ல. எனக்கே. அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது பாசாகியிருக்கணுமாம். இந்த மருந்து வாசத்துலயே இன்னும் எம்புட்டு நாள் கெடக்குறது?"

அப்பா சாப்பிடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சரி, எழுது. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து படிங்க. சோத்த நான் வடிச்சுக்கிறேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுச் சோறு ஒரு நாள் குழைந்திருக்கும், மறுநாள் அரிசியாக நிற்கும். அப்பா உலை வைக்கும் சத்தமும் அம்மா வாய்விட்டுப் படிக்கும் சத்தமும் சேர்ந்து வருகிற அந்தச் சாயங்காலம் இப்போதும் சில நேரம் எனக்குக் கேட்கிறது.

தமிழும் சமூக அறிவியலும் அம்மாவுக்குக் கதை மாதிரி ஓடின. ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாக உருப்போட்டாள். கணக்கைக் கண்டால் கும்பிட்டாள். உயிரியலில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டாள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மற்ற பாடங்களில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். உயிரியலில் ஒரு பக்கத்தை விட்டு நகரமாட்டாள்.

பத்தாவது புத்தகத்தைத் திறந்ததும் முதல் பாடத்திலேயே செல் என்று வந்தது. செல் என்றால் என்ன என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேலே போனது. நான் என்னுடைய பழைய புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துப் படத்தைக் காட்டினேன். உடம்பு முழுக்கச் செல்லால் ஆனது, ஒவ்வொன்றும் தனித்தனி உயிர் மாதிரி சாப்பிடும், மூச்சு விடும், பிரியும் என்று வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"இப்ப என் கையில இருக்கா?"

"இருக்கும்மா."

"கண்ணுல?"

"எல்லாத்துலயும்."

"முருங்கைக்காயில?"

"அதுலயும்."

"அப்ப எனக்கும் முருங்கைக்காய்க்கும் உள்ள ஒரே சரக்குதானா?"

இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை. செடியின் செல்லுக்குச் சுவர் உண்டு, நமக்குச் சவ்வு மட்டும்தான், மற்றபடி அதிலும் உட்கரு உண்டு, இதிலும் உட்கரு உண்டு என்று சொன்னேன். அவள் செல்லின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கரு, சுற்றிலும் சின்னச் சின்ன உறுப்புகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சவ்வுக்குள்.

"எங்க கம்பெனி மாதிரியில்ல இருக்கு" என்றாள். "மருந்து கலக்குற ரூம் தனியா, அடைக்குற ரூம் தனியா, திரி ரூம் தனியா. ஒண்ணோட வேல இன்னொண்ணுக்குள்ள போகாது. கேட்டுல வாட்ச்மேன் யார உள்ள விடணுமோ அவங்களத்தான் விடுவாரு."

"அந்த வாட்ச்மேன்தான் செல் சவ்வு" என்றேன்.

அதன்பிறகு செல் சவ்வின் பணி என்ன என்று கேட்டால் அம்மா மறக்கவேயில்லை.

தனித்தேர்வர்களாக எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு பள்ளியில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். அம்மாவுக்கு என் பள்ளியே கிடைத்தது. வகுப்பு சனிக்கிழமைகளில். சீசன் நேரத்தில் சனிக்கிழமை வரமாட்டேன் என்றால் கம்பெனியில் யார் ஒத்துக்கொள்வார்கள்? அவள் போர்மேனிடம் நேராகப் போய்ச் சொன்னாளாம். அவர் முதலில் ஏசியிருக்கிறார். பிறகு, "என்ன பாடம்?" என்று கேட்டிருக்கிறார். அறிவியல் என்றதும், "அதுல நான் ரெண்டு வாட்டி போயிட்டேன். நீயாச்சும் பாசாகு, போ" என்று விட்டுவிட்டார்.

முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். எங்கள் அறிவியல் டீச்சருக்கு அம்மாவைவிட வயது கம்மி. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டு, "அம்மா, பிள்ளைய விட்டுட்டு நீங்க கெளம்புங்க. பன்னெண்டு மணிக்கு விட்டுருவோம்" என்றார்.

"பிள்ள எனக்குத் துணைக்கு வந்திருக்கு டீச்சர். படிக்க வந்தது நான்" என்றாள் அம்மா.

டீச்சர் வாசலை விட்டு விலகி நின்றார். பிறகு, "உள்ள வாங்க" என்றார். உள்ளே பெயிலான பையன்கள் சிலரும், கல்யாணம் ஆகிப் படிப்பை விட்ட ஒரு பெண்ணும் இருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கால் எட்டாத உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நுண்ணோக்கி காட்டினார்கள். எங்கள் பள்ளியில் நல்ல நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. வகுப்பு நேரத்தில் எங்களுக்கு அதில் ஆளுக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். கண்ணை வைப்பதற்குள் பின்னால் நிற்கிறவள் இடித்துவிடுவாள். சனிக்கிழமை ஆள் குறைவு என்பதால் பார்க்கிற வரை பார்க்கலாம். கன்னத்தின் உட்புறத்தை ஒரு பல்குத்தும் குச்சியால் மெதுவாக வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். டீச்சர் செய்து காட்டினார். அம்மாவும் அதே மாதிரி செய்தாள். விரலால் கண்ணாடியை நன்றாகப் பிடித்து, பக்குவமாகத் தடவி, சாயம் விட்டாள். மருந்து அடைக்கிற கை, ஒரு சொட்டுக்கு மேல் விழவில்லை.

கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை.

"தெரியுதாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியுது டீச்சர். அப்பளம் அப்பளமா கெடக்குது. நடுவுல நீலப் பொட்டு. இதுதான் உட்கருவா?"

"அதேதான்."

"அம்புட்டும் என் வாய்க்குள்ள இருந்ததா!"

பிறகு, "ஆனா கறுப்பு கறுப்பா புள்ளி இருக்கே டீச்சர், அது என்ன?" என்றாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். கண்ணாடி அழுக்காக இருக்கும் என்று வேறொன்றைத் துடைத்துக் கொடுத்தார். அம்மா மறுபடி செய்தாள். மறுபடியும் கறுப்புப் புள்ளிகள். பக்கத்திலிருந்த பையனின் கண்ணாடியில் அப்படி ஒன்றுமில்லை. டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகத்து ஓரத்திலும் ரேகைகளுக்குள்ளும் வெள்ளி மாதிரி மினுங்கியது. எத்தனை சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாத அலுமினியப் பவுடர்.

"இதுதான் அது" என்றார் டீச்சர்.

"இது வெள்ளியாயில்ல மினுக்கும்? அங்கன கறுப்பா தெரியுதே?"

"கீழ இருந்து வெளிச்சம் வருதுல்ல, அது செல்லுக்குள்ள பூந்து மேல வந்துரும். அதனால செல் தெரியுது. உலோகத்துக்குள்ள வெளிச்சம் போக முடியாது. அதான் கறுப்பா தெரியுது. மேல இருந்து வெளிச்சம் விட்டா வெள்ளியாத்தான் தெரியும்."

அம்மாவுக்கு அது பெரிய ஆச்சரியம். பஸ்ஸில் வரும்போது விரல்களை ஜன்னல் வெயிலில் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த சனிக்கிழமை கையில் தேங்காயெண்ணெய் தேய்த்து, பச்சைப்பயறு மாவு போட்டு வெகுநேரம் கழுவிவிட்டுத்தான் கிளம்பினாள். "என் செல்லு மட்டும் தெரியட்டும்" என்றாள்.

இதயம் பாடம் வந்தபோது புத்தகத்தில் இருந்த படம் எங்கள் இரண்டு பேருக்குமே பிடிபடவில்லை. அம்புக்குறி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, வலது இடது இரண்டும் எப்போதும் மாறிப்போகிறது. படத்தில் வலது என்று போட்டிருப்பது நம் கண்ணுக்கு இடதுபக்கம் இருக்கிறதே என்று அம்மா சண்டை பிடித்தாள். எதிரில் ஆள் நிற்கிறதாக நினைத்துக்கொள் என்று நான் சொன்னேன். அவள் அப்பாவை எழுப்பி எதிரில் நிற்க வைத்து, சட்டைக்கு மேல் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு அறை வரைந்தாள். அப்பா கையைத் தூக்கிக்கொண்டு போலீஸிடம் மாட்டியவர் மாதிரி நின்றார்.

"இப்பிடி நிக்க வைக்கிறதுக்கு ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டு நெஞ்ச வாங்கிட்டு வந்துர்றேன், ஆள விடுங்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னவர், உண்மையிலேயே வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையிலிருந்து கறியோடு ஒரு முழு ஆட்டு இதயம். கடைக்காரரிடம், "கீறாம குடுங்க, வீட்டுல பாடம் நடக்குது" என்று கேட்டு வாங்கினாராம். அம்மா அதை ஒரு தட்டில் வைத்தாள். நான் புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். அவள் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டுச் சின்னக் கத்தியால் மேலிருந்து கீழாக மெதுவாகக் கீறித் திறந்தாள்.

படத்தில் புரியாதது எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. மேலே இரண்டு சின்ன அறைகள், ஆரிக்கிள். கீழே இரண்டு பெரிய அறைகள், வெண்ட்ரிக்கிள். நடுவில் தடுப்பு. கீழ் அறையிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் கிளம்பி மேலே இருந்த இதழ்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவைதான் வால்வை இழுத்துப் பிடிக்கிற நூல்கள். அம்மா விரலால் ஒன்றைத் தொட்டாள்.

"தையல் நூலு மாதிரியில்ல இருக்கு. இத யாரு கட்டுனது?" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

இடது கீழ் அறையின் சுவர் தடியாக இருந்தது. வலது பக்கச் சுவர் அதில் பாதிகூட இல்லை. ஏன் அப்படி என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"வலது பக்கம் இங்கன இருக்குற நுரையீரலுக்குத்தான் தள்ளுது. இடது பக்கம் உச்சந்தலைல இருந்து கால் பெருவெரல் வரைக்கும் தள்ளணும். அம்புட்டு தூரம் தள்ளணும்னா சதை வேணாமா? உங்கப்பா கையப் பாரு."

அப்பா தன் கையை மடக்கிக் காட்டினார். லோடு ஏற்றி ஏற்றி முறுக்கேறிய கை.

பக்கத்து வீட்டு அத்தை தயிர் கேட்டு வந்தவள், மூன்று பேரும் ஒரு தட்டைச் சுற்றிக் குனிந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள். "என்ன செய்றீக? எதும் செய்வினையா?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளும் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளுக்கும் நான்கு அறையைக் காட்டினாள். பாடம் முடிந்ததும் அந்த இதயத்தை மிளகு போட்டு வறுத்தோம். அத்தைக்கும் ஒரு துண்டு. "இது எந்த அறை?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள்.

தீபாவளி முடிந்தது. வழக்கமாகத் தீபாவளிக்குப் பிறகு கொஞ்ச நாள் கம்பெனிகளுக்கு விடுமுறை இருக்கும். அந்த வருஷம் சோதனை, உத்தரவு என்று ஏதேதோ சொன்னார்கள். மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஊர் முக்கில் ஹாரன் சத்தம் இல்லை. தெருவில் பெண்கள் பகலிலேயே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவே ஒரு மாதிரியாக இருக்கும். அப்பாவுக்கும் லோடு இல்லை. வீட்டில் குழம்பு நீர்த்துப்போனது. அந்த நாட்களை நினைத்தால் அந்தக் கவலை எனக்கு முதலில் ஞாபகம் வருவதில்லை. நல்ல மழை பெய்து கண்மாயில் தண்ணீர் கிடந்ததும், அம்மா பகல் முழுக்கப் புத்தகத்தோடு இருந்ததும்தான் வருகிறது. அவள் கைரேகைக்குள் இருந்த வெள்ளி மினுக்கம் அந்த நாட்களில் மெல்ல மெல்ல மறைந்துபோனது. மேல்தோல் செத்து உதிர்ந்து, அடியிலிருந்து புதுச் செல்கள் பிரிந்து மேலே வருகின்றன என்று நான் பாடத்தைச் சொன்னேன். "அதான் பாக்குறேனே" என்றாள்.

ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குக் கண்மாயில் கிடந்த பாசிச் செடியை அவளே இறங்கிப் பறித்து வந்தாள். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் செடியைப் போட்டு வெயிலில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் இலைகளிலிருந்து குமிழ்கள் கிளம்பின. உள்ளே கொண்டுவந்து நிழலில் வைத்தால் நின்றுபோயின. மறுபடி வெயிலில் வைத்தால் மறுபடி கிளம்பின. அன்று பகல் முழுக்க அம்மா அந்தப் பாட்டிலை வெயிலுக்கும் நிழலுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். "சும்மா நிக்குற செடின்னு நெனச்சோம். பாரு, வெயில வச்சு சோறு பொங்குது" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த நாட்களில்தான் மரபியல் பாடத்துக்கு வந்தோம்.

பட்டாணிச் செடியைக் கலந்து வளர்த்த பாதிரியாரின் சோதனை, நெட்டை, குட்டை, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு எல்லாம் முடிந்தது. அம்மாவுக்கு நாக்கைக் குழாய் மாதிரி சுருட்ட வரும், எனக்கும் வரும், அப்பாவுக்கு வராது. அவர் கண்ணாடி முன்னால் நின்று முயற்சி செய்து பார்த்தார். என் காது மடல் யாருடையது, மூக்கு யாருடையது என்று பங்கு பிரித்தோம். ஒரே சிரிப்பு.

பிறகு வேறுபாடுகள் என்ற பகுதியை அம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். உடல் செல்களில் ஏற்படும் வேறுபாடுகள் சூழ்நிலையால் வருபவை, அவை அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுவதில்லை; இனச்செல்களில் ஏற்படும் வேறுபாடுகளே கடத்தப்படும் என்கிற மாதிரி அதில் இருந்தது. படித்தவள் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். சத்தம் குறைந்திருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்? நீ சொல்லு."

"இப்ப ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சு வளைஞ்சுபோச்சுன்னு வையி. அவங்க பிள்ளைக்குக் கை வளைஞ்சு பொறக்காது. அது அவங்க உடம்போட நின்னுரும்."

"தீக்காயம் பட்டா?"

"அதுவுந்தான்."

அம்மாவின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் திரி அறையில் பற்றிய தீ. தோல் சுருங்கி, வழவழவென்று, இழுத்துத் தைத்த மாதிரி இருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. எனக்கு அது தழும்பாகவே தெரிந்ததில்லை. அம்மாவின் கை அப்படித்தான் என்று இருந்தேன்.

அவள் அந்தக் கையைப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ வயித்துல இருக்கும்போது கம்பெனியில பொம்பளைக பேசிக்கிட்டாக. தாயோட சூட்டுத் தழும்பு பிள்ளைக்கும் வரும்னு. எவளோ ஒருத்தி கண்ணால பாத்தேன்னா. எனக்குத் தூக்கமே இல்ல. உங்கப்பாட்டயும் சொல்லல. உன்னப் பெத்து நர்ஸம்மா என் கையில குடுத்ததும் நான் மூஞ்சியப் பாக்கல, பாப்பா. துணிய வெலக்கிக் கையத்தான் பாத்தேன். ரெண்டு கையயும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நர்ஸம்மா வஞ்சாக. பொம்பளப் பிள்ளைன்னு சடையிறியான்னு கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல?"

 அடுப்படியில் அப்பா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அம்புட்டு மாசம் பயந்து கெடந்தேன். இங்கன ரெண்டு வரியில எழுதி வச்சிருக்கான்" என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "இத யாராச்சும் அப்ப எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்."

அப்பா வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "ஏ புள்ள, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா நீங்களும் பயந்திருப்பீக. ரெண்டு பேரு பயந்து என்ன செய்ய?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா அடுத்த பத்தியைப் படிக்க ஆரம்பித்தாள். ஆனால் அந்தப் பகுதியைப் பரீட்சை வரை நான் அவளிடம் கேள்வியாகக் கேட்கவேயில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

தை முடிந்து கம்பெனிகள் திறந்தன. அம்மா மறுபடி வேனில் ஏறினாள். திரும்பி வரும்போது அசதியில் கண் சொருகும். அதனால் விடிகாலையில் எழுந்து படித்தாள். நான் நரம்பு மண்டலம் படிப்பேன், அவள் சுவாசம் படிப்பாள், வேன் வரும் முன் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். வேனுக்குள் அவளோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் அவளிடம் பாடம் கேட்பார்களாம். "நேத்து கல்லீரல்ல விட்டே, இன்னிக்கு என்ன?" என்று. அந்த வேனில் போன எல்லாருக்கும் கணையம் எங்கே இருக்கிறது, என்ன சுரக்கிறது என்று தெரிந்திருந்தது. அதைக் கேட்ட ஒரு பெண், சர்க்கரை நோய் இருந்த தன் மாமனாரைச் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்க ஆரம்பித்தாள். அதுவரை அந்தக் கிழவர் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டு கிடந்தார்.

பரீட்சைக்கு எனக்கு எங்கள் பள்ளி, அவளுக்கு வேறு ஊர். அறிவியல் அன்று காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நான் இறங்குகிற இடத்தில் அவள் என் தலையைத் தடவினாள். நானும் அவள் தலையைத் தடவினேன். கண்டக்டர் புரியாமல் பார்த்தார்.

மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இதயம் படம் வந்துச்சு! நூலு முதக்கொண்டு போட்டுட்டேன்!" என்றாள். எனக்கும் அதே கேள்வித்தாள். நான் நூல் போடவில்லை. வால்வை மட்டும் போட்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று அப்பா தன் போனில் பார்க்கத் தெரியாமல் கம்ப்யூட்டர் சென்டருக்கு எங்கள் இரண்டு பேருடைய எண்களையும் கொண்டு போனார். நான் பாஸ். அம்மா கணக்கில் பெயில். அறிவியலில் என்னைவிட நான்கு மதிப்பெண் கூடுதல். அப்பா இரண்டையும் சேர்த்துச் சொன்னார். சோகமாகச் சொல்வதா சந்தோஷமாகச் சொல்வதா என்று தெரியாமல் அவர் நின்ற முகம் இருக்கிறதே, அதை மறக்க முடியாது. அம்மா அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம்புட்டு கூட?" என்று கேட்டாள்.

"நாலு."

"நெசமாவா?"

அன்று சாயங்காலம் தெரு முழுக்க அவள் சொன்னது கணக்கில் பெயிலானதை அல்ல. துணைத்தேர்வில் கணக்கை மட்டும் மறுபடி எழுதினாள். பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படித்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள். தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்துவிட்டாள்.

அங்கன்வாடி வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பித்தாள், சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு நேர்காணலுக்குப் போய் வந்தாள். வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதில் அவளுக்கு மனசு விட்டுப்போனது உண்மை. இரண்டு தீபாவளி வரை மறுபடி மருந்து அறையிலேயே இருந்தாள். புத்தகங்கள் பரணுக்குப் போயின. நான் அடுத்து உயிரியல் பிரிவில் சேர்ந்து, ஆய்வகத் தொழில்நுட்பம் படித்து, இப்போது விருதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நுண்ணோக்கி. யாரும் பின்னாலிருந்து இடிப்பதில்லை. ஊசி குத்தக் கை நீட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, அந்தச் சாயங்காலங்களின் நினைவு வந்து நான் ஏதாவது பாடம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். சிலர் கேட்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பிறகு கிராமங்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். எங்கள் ஊருக்கு யாரைப் போடலாம் என்று கேட்டபோது, பழைய வேன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். இந்த முறை கிடைத்துவிட்டது. அம்மா பட்டாசு வேலையை விட்டாள். வேலையை விட்ட அன்று போர்மேன், "இனிமே எனக்கும் பிரஷர் பாக்க வீட்டுக்கு வரணும்" என்று சொல்லி அனுப்பினாராம். இப்போதும் மாதம் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு விடுமுறை கிடையாது. அவளுக்கு ஆட்கள் வீட்டில் இருக்கிற நாளே ஞாயிறுதான். நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் முதலில். அத்தைக்கு இப்போது தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. கட்டிலில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி, மெஷினை அழுத்தினாள் அம்மா. பட்டை உப்பியது.

"ஏத்தா, நெஞ்சுல இருக்குறத இது கையில கட்டி எப்பிடிக் கண்டுபிடிக்குது?" என்று அத்தை கேட்டாள்.

அம்மாவுக்கு இது போதும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நெஞ்சு ஒரு தடவ தள்ளுனா அந்தத் தள்ளு உடம்பு முழுக்கப் போகும் மதினி. கையிலயும் போகும், காலுலயும் போகும். இந்தப் பட்ட கைய இறுக்கி ஓட்டத்த நிறுத்துது. அப்புறம் மெல்ல விடுது. எந்த எடத்துல ரத்தம் மறுபடி பூந்து ஓடுதோ அதுதான் மேல் கணக்கு. நெஞ்சு சுருங்கும்போது உள்ள தள்ளு. எதுவும் தட்டாம சுகமா ஓடுற எடம் இருக்குல்ல, அது கீழ் கணக்கு. அது நெஞ்சு ஓய்வா இருக்கும்போது உள்ளது."

"நெஞ்சு ஓய்வும் எடுக்குமாக்கும்?"

"ஒவ்வொரு தடவையும் எடுக்கும். இல்லன்னா அது எப்பிடிப் பொறந்ததுல இருந்து அடிச்சுக்கிட்டே கெடக்கும்?"

 மெஷின் சத்தம் போட்டு நின்றது. அம்மா எண்ணைப் பார்த்து, "நல்லாருக்கு. உப்ப மட்டும் கொறைங்க" என்றாள்.

"அப்ப சரி, பட்டயக் கழட்டு. அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்தாள் அத்தை. "ரெண்டு பேரும் காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்."